கீமோவுக்கும் கரண்ட்டுக்கும் நடுவே: எந்த உதவியை எப்போது கேட்பது

சென்னையில் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்க இடத்துக்குக் குறைவில்லை. 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், சென்ட்ரலில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, பிள்ளைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, கொஞ்சம் தள்ளிக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை. இவை போகத் தனியார் மருத்துவமனைகள். ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) மூன்றும் கிடைக்கின்றன. ஆனால் தொடங்கியவர்கள் எல்லோரும் குறித்த தேதியில் முடிப்பதில்லை. வாய் வெந்து சாப்பிட முடியாமல் நாலாவது வாரத்தில் ஊருக்குப் போய்விடுகிறார்கள். காய்ச்சல் வந்து அடுத்த கீமோ தள்ளிப்போகிறது. வாடகை கொடுக்க முடியாமல் அறையைக் காலி செய்கிறார்கள்.

இதனால் வரும் நஷ்டம் சின்னதல்ல. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது என்பது துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இடைவெளியில் தப்பிப் பிழைத்த செல்கள் வேகமாகப் பெருகுவதே காரணம். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர் ஓய்வு எடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். கட்டிக்கும் அந்த ஓய்வு கிடைத்திருக்கிறது.

வலி மருத்துவர், உணவு ஆலோசகர், பல் மருத்துவர், பிசியோ, மனநல ஆலோசகர், மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் துவாரமான ஸ்டோமாவைக் கவனிக்கும் நர்ஸ், மருத்துவச் சமூகப் பணியாளர், வீட்டுக்கு வரும் நர்ஸ் என்று ஆதரவு சிகிச்சைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் இவர்களில் பலர் ஒரே வளாகத்துக்குள்தான் இருப்பார்கள். குறை என்னவென்றால், ஒவ்வொருவரையும் பார்ப்பதற்கு ஒரு காலம் உண்டு. அது கடந்தபின் போனால் பாதிப் பயன்தான், சில விஷயங்களில் அதுவும் இல்லை. நெரிசலான ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். கேட்காதவரை எழுதித் தர மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆதரவு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது மனத்தெம்புக்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நோய் தெரிந்த கையோடு வலி, ஆதரவு சிகிச்சைக் குழுவையும் சேர்த்தார்கள். 2010-இல் முடிவு வெளியானது. அந்தப் பிரிவினர் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். முதல் பிரிவினரில் கடைசிக் கட்டத்தில் கடுமையான கீமோ எடுத்தவர்கள் குறைவு. அப்படியிருந்தும் கூடுதல் நாள் இருந்தார்கள்.

முதல் ஊசிக்கு முன்னால்

வாய், தொண்டை, தாடைப் பக்கம் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால் முதலில் பல் மருத்துவர். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் நிரந்தரமாகக் குறைந்துவிடும். அதன்பின் ஐந்து வருடம் கழித்துப் பல் பிடுங்கினாலும் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. அதனால் ஆட்டம் கண்ட பல், ஆழமாகச் சொத்தையான பல் எல்லாவற்றையும் கதிர்வீச்சு தொடங்க இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போதே எடுத்துப் புண் ஆறவிட வேண்டும். நடப்பது என்னவென்றால், கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்கு முகத்தில் அளவெடுத்து, தேதியும் வாங்கிய பிறகு கடைவாய்ப் பல் வலி ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது பல்லுக்காகச் சிகிச்சையைத் தள்ளுவதா, சிகிச்சைக்காகப் பல்லை விடுவதா என்ற இக்கட்டு. சிகிச்சை முடிந்த பின்னும் எச்சில் சுரப்பு குறைவாகவே இருக்கும் என்பதால் ஃப்ளூரைடு பேஸ்ட் ஆயுளுக்கும் வேண்டும். யாராவது பல் பிடுங்கச் சொன்னால், கரண்ட் வைத்த விவரத்தை அந்தப் பல் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

மலக்குடல் ஆபரேஷனில் வயிற்றில் பை வைக்க நேரிடலாம் என்று சொன்னால், ஆபரேஷனுக்கு முந்தைய நாளே இடம் குறித்துவிட வேண்டும். படுக்க வைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டும். பாவாடை நாடா விழும் இடம், வேட்டி மடிப்பு, பேண்ட் பெல்ட், தரையில் சம்மணம் போட்டால் வயிறு மடியும் கோடு, இவை எல்லாவற்றையும் விலக்கி, நோயாளி தன் கண்ணால் பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். மடிப்பில் விழுந்த ஸ்டோமாவில் எந்த விலைக்கு வாங்கிய பையும் ஒட்டாது. கசியும், தோல் வெந்துபோகும், ஆள் வெளியே போவதையே நிறுத்திவிடுவார்.

பையைப் பற்றி இன்னும் சில. பையைத் தோலில் ஒட்டவைக்கும் பிளேட்டில் வெட்டும் ஓட்டை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். ஆபரேஷனுக்குப் பின் முதல் ஆறு, எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். முதல் நாள் அளவை வைத்தே வெட்டிக்கொண்டிருப்பதுதான் தோல் புண்ணுக்கு முக்கியக் காரணம். வாரம் ஒருமுறை அளந்து பார்க்கலாம். பை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். கனம் ஏறினால் பிளேட் பிய்ந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாள் வரை வர வேண்டிய பிளேட் சித்திரை வெயிலில் அவ்வளவு தாங்காது. வியர்வைக்கு ஒட்டுப் பசை இளகும், அந்த மாதங்களுக்குக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். ஸ்டோமா சிவந்து ஈரமாக இருப்பதே நல்ல அறிகுறி. கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனை. சிறுகுடலில் வைத்த பையாக இருந்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராகப் போனால் வெறும் தண்ணீர் குடிப்பது உதவாது, இன்னும் அதிகமாகத்தான் போகும். ஓ.ஆர்.எஸ். கரைசல் குடித்துக்கொண்டே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெற நினைக்கும் வயதுக்காரர்கள் முதல் கீமோவுக்கு முன்பே கேட்டாக வேண்டியது ஒன்று. ஆண்களுக்கு விந்தணு சேமிக்க சில நாள் போதும். பெண்களுக்குக் கருமுட்டை சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று வீட்டில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலேயே தேதி போய்விடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் அவசரம் வருமுன் அட்டை எடுத்துவிடுவது நல்லது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். சென்னைக்காரர்களுக்குப் பதிவு மையம் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில், சிங்காரவேலர் மாளிகையில். மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் பெயர் விஷயம்தான். ஆதாரில் ஓர் எழுத்து, குடும்ப அட்டையில் வேறொன்று. கல்யாணமான மகளின் பெயர் அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கும். இதைச் சரிசெய்ய ஆகும் நாளில் ஒரு கீமோ தள்ளிப்போகும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திட்டம் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு என்று தொகுப்பாகப் பணம் தரும். வீட்டில் மாற்றும் பை, புரோட்டீன் பவுடர், ஆட்டோ, அறை வாடகை இவற்றுக்குத் தராது. பல குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இந்தச் சில்லறைச் செலவுதான்.

தங்குவதும் வருவதும்

மார்பகத்துக்குக் கதிர்வீச்சு இப்போது பல இடங்களில் 15 தவணை, மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. வாய், தொண்டைக்கு ஆறு முதல் ஏழு வாரம். கர்ப்பப்பை வாய்க்கு 25 தவணையோடு, உடலுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சும் சேரும். வாரத்துக்கு ஐந்து நாள் வர வேண்டும், மெஷின் முன்னால் இருக்கும் நேரமோ சில நிமிடம். விழுப்புரத்திலிருந்தோ நெல்லூரிலிருந்தோ வருபவருக்குச் சிகிச்சையைவிடத் தங்குவதுதான் பெரிய செலவு. நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இடம் தரும் அறக்கட்டளைகள் நகரில் இருக்கின்றன. நேராகப் போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலும் கிடைக்காது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கடிதம், சிகிச்சைத் தேதிகள் உள்ள ஃபைல், அடையாள அட்டை இவை வேண்டும். கதிர்வீச்சுக்குத் திட்டமிடும் ஸ்கேன் எடுக்கும் நாளுக்கும் முதல் தவணைக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருக்கும். இடம் கேட்டுப் பெயர் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

ரயிலில் புற்றுநோயாளிகளுக்குச் சலுகை உண்டு, ஆனால் தெரிந்தவர்கள் குறைவு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பு, ஏ.சி. சேர் கார் இரண்டிலும் இருவருக்கும் 75. இரண்டடுக்கு ஏ.சி.யில் இருவருக்கும் 50. ரயில்வே வகுத்த படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் பயணமாக இருக்க வேண்டும். நகருக்குள் வருபவர்களில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து இலவசம். ஆனால் கீமோ போட்டு இரண்டாவது வாரத்தில் காலை எட்டரை மணி நெரிசலில் ஏறுவது சரியல்ல. அந்த ஒரு வாரத்துக்கு ஆட்டோ செலவைத் தனியாக ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2015 டிசம்பரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் பல பகுதிகளை நாள்கணக்கில் முடக்கின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வலி மாத்திரை, வாந்தி மாத்திரை, பை, டிரெஸ்ஸிங் சாமான் எதுவும் ஒரு வாரக் கையிருப்புக்குக் கீழே போகக் கூடாது. ஃபைலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. எல்லாக் காகிதத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.

பத்தாவது நாள் காய்ச்சல்

கீமோ போட்ட நாளிலிருந்து எண்ணினால் பெரும்பாலான மருந்துகளுக்கு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலல்ல. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தே ஆக வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நேராக அவசரப் பிரிவு. குளிர் நடுக்கம் இருந்தால் அளவு பார்க்கவும் காத்திருக்க வேண்டாம். நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது இலக்கு. தாமதமானால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

தவறு நடப்பது இப்படி. ராத்திரி பதினோரு மணிக்குச் சூடு தெரிகிறது. பாராசிட்டமால் போட்டதும் இறங்குகிறது. காலையில் தெருமுனை கிளினிக்கில் வைரல் என்று இடுப்பில் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். மழைக்காலமாக இருந்தால் டெங்கு என்று இரண்டு நாள் பார்ப்பார்கள், தட்டணு (பிளேட்லெட்) குறைவு இரண்டிலும் இருக்குமே. தட்டணு குறைந்தவருக்கு இடுப்பில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும் என்பது தனிக் கதை. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: “கீமோ போட்டிருக்கு, இன்னைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல்.” வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், சூடே இல்லாமல் ஆள் துவண்டு மயக்கமாக இருந்தாலும் அதே அவசரம்தான்.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் கேபசிட்டபைன் என்ற கீமோ மாத்திரை பெரும்பாலும் 14 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டியது. நிறுத்த வேண்டிய வாரத்திலும் விடாமல் போட்டு, வாயும் வயிறும் வெந்து வருபவர்கள் உண்டு. காலண்டரில் நிறுத்தும் நாளைச் சிவப்பில் வட்டமிட்டுவிட வேண்டும். சாப்பிட்டு அரைமணிக்குள் மாத்திரை. உள்ளங்கை, பாதம் சிவந்து எரிய ஆரம்பித்தால் வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதும், சூட்டோடு பாத்திரம் தேய்ப்பதும் கூடாது. ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ ஊசி போட்ட சில நாளுக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொட்டாலே விரல் ஷாக் அடித்த மாதிரி இருக்கும், தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். சில கீமோவில் வாய்ப்புண் வராமல் இருக்க ஊசி ஏறும்போது ஐஸ் சப்பச் சொல்வார்கள். ஆக்ஸாலிப்ளாட்டின் சேர்ந்தவர்களுக்கு அது ஆகவே ஆகாது. பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன யோசனையைக் கேட்டு இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கஞ்சி போதாது

உணவு ஆலோசகரிடம் அனுப்புவது பெரும்பாலும் எடை எட்டுக் கிலோ இறங்கிய பிறகு. சிகிச்சை தொடங்கும்போதே போக வேண்டும். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்பது பொது விதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மாறும். 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம் புரதம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு கிராம் தேறினாலே அதிகம். ஆறு டம்ளர் குடித்தாலும் பன்னிரண்டு. கஞ்சி மேல் நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கைக்கும் இந்தக் கணக்குக்கும் ஒத்தே வராது.

இரண்டு முட்டை 12 கிராம். அரை லிட்டர் பாலும் தயிருமாக 16. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சையாக 50 கிராம் எடுத்தால் 10. நூறு கிராம் மீனில் 20. நாள் முழுக்கச் சேரும் சோறு, இட்லியில் மிச்சம் வந்துவிடும். சைவர்கள் மீனுக்குப் பதில் 100 கிராம் பன்னீரோ 40 கிராம் சோயாவோ சேர்க்கலாம். பால் ஆகாது, சர்க்கரை சேர்த்தால் கட்டி வளரும் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பை நம்பி இரண்டையும் நிறுத்துவது, ஏற்கெனவே சாப்பிட முடியாதவரின் தட்டிலிருந்து பிடுங்குவதுதான். பச்சைப் பழமே கூடாது என்ற கடுமையான பத்தியமும் வேண்டாம். கழுவி, வீட்டில் தோலுரித்துச் சாப்பிடலாம். கடையில் வெட்டி வைத்த பழம், சாலையோரச் சட்னி, ஐஸ் போட்ட ஜூஸ், இவற்றைத்தான் தவிர்க்க வேண்டும். கீமோ நடக்கும்போது லேகியம், கஷாயம் எதுவானாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். ஈரல் பரிசோதனை ஏறிப்போனால் கீமோ மருந்தால் ஏறியதா கஷாயத்தால் ஏறியதா என்று தெரியாமல் அடுத்த தவணையை நிறுத்திவிடுவார்கள்.

வாய்ப்புண் கீமோவில் ஒரு வாரம் கழித்தும், கதிர்வீச்சில் இரண்டு மூன்றாவது வாரத்திலும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், படுக்கும் முன்னும், பகலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் கொப்பளிக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கும் எரியும் மவுத்வாஷில் ஆல்கஹால் இருக்கும், புண் பெரிதாகும். மிக மென்மையான பிரஷ் போதும்.

ஆறு மாதத்தில் எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அதாவது 50 கிலோக்காரர் இரண்டரைக் கிலோ இழந்தால், மூக்குக் குழாய் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். குழாய் என்றதும் ‘கடைசிக் கட்டம்’ என்று உறவினர்கள் அழுவது பழக்கமாகிவிட்டது. வாய், தொண்டைக் கதிர்வீச்சில் பலருக்கு அது சில வாரத்துக்கான ஏற்பாடுதான். எடை சரிந்தால் முகம் சுருங்கி மாஸ்க் தளர்ந்துவிடும், குறி தவறாமலிருக்கத் திரும்ப அளவெடுக்க வேண்டி வரும். அதற்கும் நாள் போகும்.

குழாயில் ஊட்டும் முறை: ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்குத் துவாரத்தருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, 50 மில்லி சிரிஞ்சின் குழல் வழியாக 200 முதல் 250 மில்லி, தானாக இறங்கும் வேகத்தில், கால் மணி நேரம். அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டாத கஞ்சியும் அரைகுறையாகப் பொடித்த மாத்திரையும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, ஒரு நாள் மருந்து ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும். ஊட்டும்போது இருமல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் செருகப் பார்க்காதீர்கள், நுரையீரலுக்குள் போகும்.

வலி

வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த படிக்கட்டு முறை எளிது. பாராசிட்டமால் வகை, அதற்கு மேல் டிராமடால் வகை, அதற்கும் மேல் மார்ஃபின். வாய்வழி, கடிகாரப்படி. வலி வந்தபின் போடுவதல்ல, வலி வருமுன் மணிப்படி போடுவது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். ‘தாங்க முடியாதபோது போட்டுக்கலாம்’ என்று எட்டு மணி நேரம் கழித்துப் போட்டால் வலி திரும்ப முழுதாக ஏறியிருக்கும், அப்போது அதே அளவு போதாது. பிறகு மருந்து கேட்கவில்லை என்ற பேச்சு வரும். இடையில் திடீர் வலி வந்தால் போட்டுக்கொள்ளக் கூடுதல் அளவையும் டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும். தராவிட்டால் கேளுங்கள்.

மார்ஃபின் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காததற்குக் காரணம் சட்டம். போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளாகப் பிரித்தார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் தனித்தனி உரிமம் அலையாமல் அவற்றை வைத்துக்கொண்டு கொடுக்கலாம். ஆகவே வலி நிவாரணப் பிரிவுள்ள மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நோயாளி நடக்க முடியாத நிலையில் வீட்டார் ஃபைலோடு போய் வாங்கலாமா, எத்தனை நாளுக்குத் தருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டுவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை.

பக்கவிளைவில் முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் வந்து போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், குடலைத் தூண்டும் வகையாக. இசப்கோல் இங்கே உதவாது. அசையாத குடலில் உப்பிக்கொண்டு அடைப்பை மோசமாக்கும். மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினை நிறுத்தியவர்களின் தொகை, போதைப் பழக்கம் வந்தவர்களின் தொகையைவிடப் பல மடங்கு என்பதில் இந்தத் துறையில் யாருக்கும் சந்தேகமில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கமும் மெதுவான மூச்சும் இருந்தால் உடனே மருத்துவமனை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டிய முதல் நாள் வலி குறையாது, முழு வேலைக்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். காய்ச்சல், வெந்நீர்ப் பை, மே மாத வெயிலில் மொட்டை மாடி எல்லாமே ஆபத்து. வியர்வையில் பட்டை கழன்று குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே உலை. கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும்.

சொல்வதா, மறைப்பதா

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க.” ஓ.பி. வாசலில் மகன்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. அம்மாவுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். முடி கொட்டுகிறது, பலகையில் புற்றுநோய் நிலையம் என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். அவரும் பிள்ளைகளுக்காகத் தெரியாதது போல் இருப்பார். இதன் விலை நடைமுறையில் தெரியும். எங்கே வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், சிகிச்சை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, பத்திரம், வங்கிக் கணக்கு, மகள் கல்யாணம் எதையும் பேசித் தீர்க்க முடியாது. முழுதும் கொட்டிவிடுவதும் வழியல்ல. “உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று நோயாளியையே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்வதுதான் மனநல ஆலோசகர்கள் கையாளும் முறை. கவலையை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லி, 4 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆலோசகரிடம் அனுப்புவது எளிய சல்லடை. கவனிக்கும் மனைவிக்கும் மகளுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும், கேட்பாரில்லை. இரவில் பேச ஆள் வேண்டுமானால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மாநில அரசின் 104. உயிரை விடும் எண்ணம் வந்தவர்களுக்கு 1986 முதல் இயங்கும் சென்னை சினேகா இருக்கிறது.

சிகிச்சை முடிந்த பிறகு

மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். கண்ணுக்குத் தெரியுமுன்பே வளையல் இறுகும், ஜாக்கெட் கை பிடிக்கும், கை கனக்கும். அந்தக் கட்டத்தில் பிசியோவிடம் போனால் இறுக்கிப் பிடிக்கும் கை உறையும் பயிற்சியும் போதும். ஒரு வருடம் விட்டால் தோல் தடித்துவிடும், பிறகு குறைப்பது கஷ்டம். கீறல், கொசுக்கடியில் சிவந்து சூடானால் அன்றே ஆன்டிபயாடிக்.

வாய்ப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் வாயைத் திறக்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கிப் பல மாதம் தொடர வேண்டும். வாயைத் திறந்தால் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டராவது, ஏறக்குறைய மூன்று விரல், இடைவெளி வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து, வாரந்தோறும் ஒரு குச்சி கூட்டுவார்கள். தாடை இறுகிவிட்டால் இட்லியைக்கூடப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

வீட்டில்

நோயைக் குணமாக்கும் மருந்து இனி இல்லை என்ற கட்டத்துக்கு மணலி அருகே மாத்தூரில் ஜீவோதயா, தி.நகரில் ஆர்.எம்.டி. போன்ற காப்பகங்கள் இருக்கின்றன. டீன் ஃபவுண்டேஷன் போன்றவை வீட்டுக்கே குழுவை அனுப்புகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டு வலி நிவாரணப் பராமரிப்பு உண்டு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஆள் நடமாட்டத்தில் இருக்கும்போதே பதிவது நல்லது, குழுவுக்கு அவரைத் தெரிந்திருக்கும், முதல் சந்திப்பே நெருக்கடியில் நடக்காது.

புண் நாற்றத்துக்கு ஊதுவத்தியும் சென்ட்டும் பயன்படாது. காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளால் வருவது அது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட நர்ஸ் கற்றுக்கொடுப்பார். சில நாளில் நாற்றம் அடங்கும், அதன்பின் பேரப்பிள்ளைகள் கிட்டே வருவார்கள். பழைய கட்டைக் காய்ந்தபடி பிய்க்காமல் நனைத்து எடுக்க வேண்டும், ரத்தம் வரும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புழு வைத்துவிட்டால் வீட்டில் எதையும் ஊற்றாமல் நர்ஸை அழைக்க வேண்டும்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று நினைப்பவர் அதை எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. எழுதிய தாள் பீரோவில் இருந்து பயனில்லை. ஒரு நகல் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் சார்பில் பேசப்போகும் ஆள் யார் என்பது மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் உயிர் பிரிந்தால் காவல் நிலையம் போக வேண்டியதில்லை, நோயால் நேர்ந்த மரணம் என்று சிகிச்சை தந்த டாக்டர் 4ஏ படிவத்தில் சான்று தர வேண்டும். வீட்டுக்கு வரும் குழு இருந்தால் அவர்கள் டாக்டரே தருவார். இல்லாதவர்கள் அகாலத்தில் தெரியாத டாக்டரைத் தேடி அலைவார்கள், அவரும் பார்க்காத நோயாளிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவார். மயானத்திலும் அந்தச் சான்றைக் கேட்பார்கள். 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் சரிபார்க்க வேண்டும். வங்கி, ஓய்வூதியம், பட்டா எல்லாவற்றுக்கும் பிறகு அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள்.